வாங்கத் தெரிந்த கைகள்

(தவக்காலத்தை முன்னிட்டுப் பங்கு மண்டபம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தவக்காலம் வந்துவிட்டால் நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிற கேள்வி, "இந்த வருஷம் எதை விடப் போறீங்க?" என்பதுதான். கறி மீனை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். காபியை விடுகிறவர்கள், வெற்றிலையை விடுகிறவர்கள், இப்போது கைப்பேசியை இரவு நேரத்தில் தொடுவதில்லை என்று விடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். மிச்சமாகும் காசு தவக்கால உண்டியலுக்குப் போகிறது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கமும் பல வீடுகளில் தொடர்கிறது. நல்ல காரியங்கள். இவற்றைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விடுவதிலும் கொடுப்பதிலும் நம் கை மேலே இருக்கிறது. எதை விடுவது, எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர் நாமே. நாற்பது நாள் இப்படியே போய்விடலாம், ஒருமுறைகூடக் கையைக் கீழே கொண்டுவராமல். இன்று நான் பேச விரும்புவது கீழே இருக்கிற கையைப் பற்றி. தாழ்மை, இறைவனிடம் சரணடைதல் என்று நாம் சொல்லுகிற இரண்டும் அந்தக் கையில்தான் சோதிக்கப்படுகின்றன என்பது என் நம்பிக்கை.

திருநீற்றுப் புதனையே எடுத்துக்கொள்வோம். போன ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று ஆரவாரமாகப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்த ஓலைகளை எரித்து எடுத்த சாம்பல் அது. அதை நாம் தட்டிலிருந்து எடுத்து நமக்கு நாமே பூசிக்கொள்வதில்லை. வரிசையில் நிற்கிறோம், தலை குனிகிறோம், வேறொருவர் விரல் நம் நெற்றியைத் தொடுகிறது. நீ மண் என்பதை இன்னொருவர் வாயால் கேட்டுக்கொண்டு திரும்புகிறோம். உடன் வேறொரு குரு இருந்தால், எல்லாருக்கும் சாம்பல் இட்ட குருவும் அவரிடம் தலை குனிகிறார். திருமுழுக்கும் அப்படித்தான். உலகத்திலேயே பெரிய ஞானியானாலும் தமக்குத் தாமே திருமுழுக்குக் கொடுத்துக்கொள்ள முடியாது. நற்கருணைக்கும் கை நீட்டுகிறோம். திருச்சபை நம்மை ஆதியிலிருந்து வாங்குகிறவர்களாகத்தான் வளர்க்கிறது. நாம்தான் பாதியில் அதை மறந்துவிட்டு, கடவுளுக்கே கொடுக்கிறவர்களாக மாறிவிடுகிறோம்.

லூக்கா நற்செய்தியில் கோவிலுக்குப் போன இருவரின் கதையை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். பரிசேயர் வாரத்துக்கு இரண்டு முறை நோன்பிருந்தார். பத்தில் ஒரு பங்கு கொடுத்தார். நம் திருச்சபைச் சட்டப்படி கட்டாய நோன்பு நாள்கள் இரண்டு: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். அதுவும் 18 வயது நிறைந்ததிலிருந்து 59 வயது நிறையும்வரை. அந்தப் பரிசேயரோடு ஒப்பிட்டால் நாம் எந்த மூலைக்கு? அவர் சொன்ன எதுவும் பொய் இல்லை. இயேசுவும் அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. அவருடைய செபத்தில் ஒரு விண்ணப்பம்கூட இல்லை, அவ்வளவுதான். கடவுளிடம் அவர் எதையும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையே அவருக்கு இல்லை. தூரத்தில் நின்ற வரிதண்டுபவரிடம் கொடுக்க எதுவும் இல்லை; கேட்பதற்கு மட்டும் இருந்தது. அவர்தான் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

தமிழர்களான நமக்கு இது இன்னும் கடினம் என்று நான் நினைக்கிறேன். அரிச்சுவடியோடு சேர்த்தே, கையேந்துவது இழிவு என்று ஔவை நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார். ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், இரந்து நிற்பதற்கு அஞ்சும் அச்சத்துக்கும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். மானம் பெரிது என்று வளர்ந்த மக்கள் நாம். அந்த மானம் நம்மை எத்தனையோ கேடுகளிலிருந்து காப்பாற்றியும் இருக்கிறது. திருத்தூதர் பவுலும், வாங்குவதைவிடக் கொடுப்பதே பேறு என்று ஆண்டவர் சொன்னதாக நினைவூட்டுகிறார். அப்படியிருக்க, வாங்குவதைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில் இயேசுவின் கடைசி நாள்கள்தான்.

பாடுகளின் வரலாற்றை, இந்த ஒரு கண்ணோட்டத்தோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எருசலேமுக்குள் அவர் ஏறி வந்த கழுதைக்குட்டி இரவல். பாஸ்கா உணவு உண்ட மாடி அறை இன்னொருவருடையது. பெத்தானியாவில் மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை அவர் காலில் ஊற்றினார். புனித வாரத் திங்களன்று நாம் வாசிக்கிற பகுதி அது. முந்நூறு தெனாரியத்துக்கு விற்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. அப்படியானால் ஏறக்குறைய ஓர் ஆண்டு உழைப்பு காலடியில் ஊற்றப்படுகிறது. நீங்களும் நானும் அங்கே இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "ஐயோ, எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று காலை இழுத்துக்கொண்டிருப்போம். அதைத் தாழ்மை என்றும் நினைத்திருப்போம். இயேசு காலை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணை விடுங்கள் என்றார். ஒரு பெண்ணின் அன்பை முழுசாக, கூச்சமில்லாமல், எல்லார் முன்பும் ஏற்றுக்கொண்டார்.

கெத்சமனித் தோட்டத்துக்கு வாருங்கள். மூன்று சீடர்களைத் தனியே அழைத்துப்போய், தம்மோடு விழித்திருக்கும்படி கேட்கிறார். உலகத்தைப் படைத்தவரின் மகன் தூங்கி வழிகிற மூன்று மீனவர்களிடம் துணை கேட்கிறார். திரும்பத் திரும்ப எழுந்து வந்து பார்க்கிறார். அவர்கள் தூங்குகிறார்கள். லூக்கா, வானதூதர் ஒருவர் வந்து அவரைத் திடப்படுத்தினார் என்கிறார். அந்தத் திடத்தையும் அவர் பெற்றுக்கொள்கிறார்.

சிலுவைப் பாதையில் ஐந்தாம் நிலை வந்ததும், சீரேனே ஊர் சீமோனின் உதவியைப் பற்றி நாம் உருக்கமாகப் பாடுகிறோம். எப்போதும் சீமோன் பக்கம் நின்றே சிந்திக்கிறோம்: நானும் பிறர் சிலுவையைச் சுமக்க வேண்டும் என்று. மறுபக்கம் நின்று பாருங்கள். இயேசுவால் அந்த மரத்தைத் தனியே தூக்க முடியவில்லை. வயலிலிருந்து வந்துகொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவர் தோள் கொடுக்கவேண்டியிருந்தது. சீடர்கள் யாரும் இல்லை. சிலுவையில் தாகம் என்றார். யாரோ நீட்டிய கடற்காளானிலிருந்து புளித்த இரசத்தை வாங்கிக்கொண்டார். அவரை இறக்கியது பிறர் கைகள். போர்த்திய துணியும், வைத்த கல்லறையும் அரிமத்தியா யோசேப்பு கொடுத்தவை. பிலிப்பியருக்கு எழுதிய மடலில் பவுல், கிறிஸ்து தம்மையே வெறுமையாக்கினார் என்கிறார். வெறுமை என்றால் என்ன என்று இறையியலார் பெரிய நூல்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் புரிகிற அளவில் சொல்கிறேன்: கழுதை முதல் கல்லறை வரை எல்லாவற்றையும் பிறரிடமிருந்து வாங்கவேண்டிய நிலைக்கு அவர் இறங்கி வந்தார்.

இதைத் தாங்க முடியாமல் போனவர் பேதுரு. பெரிய வியாழன் இரவில் தலைவர் துண்டைக் கட்டிக்கொண்டு காலடியில் குனிந்ததும், ஒருபோதும் கழுவ விடமாட்டேன் என்றார். மரியாதையால் சொன்னார் என்றே நாம் விளக்கம் தருகிறோம். மரியாதையும் உண்டு. ஆனால் இயேசு கொடுத்த பதில் அவ்வளவு கடுமையாக இருக்கிறதே! நான் கழுவாவிட்டால் உனக்கு என்னோடு பங்கில்லை என்கிறார். சிறிய தவறுக்கு இவ்வளவு பெரிய வார்த்தை எதற்கு? கால் கழுவிவிட பேதுரு எந்த நாளும் தயார். உயிரைக் கொடுக்கவும் தயார் என்று அதே இரவில் சொன்னவர். தன் அழுக்குக் காலை இன்னொருவர் கையில் கொடுக்கத்தான் அவரால் முடியவில்லை. அப்படிச் சபதம் போட்டவர், விடிவதற்குள் மறுதலித்தார். தன் பலத்தை மட்டுமே நம்பியவருக்கு அந்தப் பலம் போன பிறகு பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

நம் பங்குகளில் பெரிய வியாழனன்று கால் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரை உட்காரவைக்கிறோம். அவர்களில் பலர் வீட்டிலேயே காலை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருகிறார்கள். குருவானவர் கையில் அழுக்குப் படக்கூடாது என்ற நல்லெண்ணம். பேதுருவின் கூச்சம் இன்னும் நம்மிடம் இருக்கிறது என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் பொறுப்பேற்ற சில நாள்களிலேயே, 2013 பெரிய வியாழனன்று, உரோமையில் உள்ள இளம் குற்றவாளிகள் இல்லத்துக்குப் போனார். கழுவிய கால்களில் இரண்டு பெண்களின் கால்களும் இருந்தன, இசுலாமியரின் கால்களும் இருந்தன. 2016இல் திருவழிபாட்டு விதியையே திருத்தி, பெண்களும் அந்தச் சடங்கில் அமரலாம் என்று ஆக்கினார். செய்தித்தாள்கள் எல்லாம் திருத்தந்தையின் தாழ்மையைப் பாராட்டி எழுதின. எனக்கோ அங்கே உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகளை நினைத்தால்தான் மனம் கசிகிறது. குற்றம் செய்தவன் என்று முத்திரை விழுந்த ஒரு பையன், தன் காலை ஒரு திருத்தந்தை முத்தமிட அனுமதிக்க வேண்டும். அதற்கு எவ்வளவு தாழ்மை வேண்டியிருக்கும்?

இனி ஒரு மனிதரின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2022 மே 15 அன்று வத்திக்கானில் பத்துப் பேர் புனிதர்களாக உயர்த்தப்பட்டார்கள். நாம் எல்லாரும் நம்மூர்த் தேவசகாயத்துக்காகத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தோம். அதே நாளில், அதே திருப்பலியில் புனிதரானவர் பிரெஞ்சுக்காரரான சார்லஸ் தெ ஃபூக்கோ.

1858இல் ஸ்திராஸ்பூர்க் நகரில், செல்வமும் பட்டமும் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். ஆறு வயதுக்குள் தாயும் தந்தையும் போய்விட்டார்கள். தாத்தா வளர்த்தார். இளவயதில் விசுவாசம் போயிற்று. இராணுவப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். பரம்பரைச் சொத்து கைக்கு வந்ததும் விருந்தும் கேளிக்கையுமாக அதைக் கரைத்தார். ஆனால் கோழை அல்ல. 1883-84இல், அந்நியர் நுழைய முடியாதிருந்த மொராக்கோவுக்குள் யூத ரபியாக வேடமிட்டு நுழைந்து, ஏறக்குறைய ஓர் ஆண்டு சுற்றி அளந்து வரைபடம் எழுதினார். பாரிசின் புவியியல் கழகம் தங்கப் பதக்கம் கொடுத்தது. ஆனால் அவர் மனதைத் தொட்டது வேறொன்று. நாளில் ஐந்து முறை மண்ணில் நெற்றி படிய வணங்குகிற இசுலாமியர்களைப் பார்த்தபோதுதான், கடவுள் என்று ஒருவர் இருக்கக்கூடுமோ என்ற கேள்வி அவருக்குள் மறுபடி எழுந்தது. நம்பிக்கையின் முதல் பொறியையே அவர் பிற சமயத்தாரிடமிருந்து வாங்கினார்.

1886 அக்டோபர் இறுதியில் பாரிசின் தூய அகுஸ்தீனார் ஆலயத்தில் அருட்தந்தை உவ்லேனைத் தேடிப் போனார். சமயத்தைப் பற்றிப் பாடம் கேட்க வேண்டும், விவாதிக்க வேண்டும் என்று போனவர் அவர். குரு விவாதிக்கவில்லை. முழங்காலிட்டுப் பாவத்தை அறிக்கையிடச் சொன்னார். பிறகு, ஒன்றும் சாப்பிடாமல்தானே வந்தீர்கள் என்று கேட்டு, நற்கருணை வாங்க அனுப்பினார். படித்து, ஆராய்ந்து, திருப்தியான பிறகு ஏற்றுக்கொள்ளலாம் என்று நினைத்த ஒரு பெரிய அறிவாளிக்கு முதலில் கிடைத்தது முழங்கால்தான். அதே உவ்லேன் சொன்ன ஒரு கருத்து அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை: இயேசு கடைசி இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டார், அதை அவரிடமிருந்து யாராலும் பறிக்க முடியாது என்பது.

அந்தக் கடைசி இடத்தைத் தேடி அவர் ஓடிய ஓட்டத்தை என்னென்று சொல்வது! 1890இல் டிராப்பிஸ்ட் துறவி மடம். அது போதாதென்று சிரியாவில் இன்னும் ஏழ்மையான மடம். அதுவும் போதாமல் 1897இல் நாசரேத்துக்குப் போய், கிளாரம்மாள் சபைக் கன்னியரின் வேலைக்காரராக, தோட்டத்துக் குடிசையில் தங்கினார். 1901இல் குருப்பட்டம் பெற்று அல்ஜீரியப் பாலைவனத்துக்குப் போனார். 1905இல் சகாராவின் நடுவே, துவாரெக் மக்களிடையே தமன்ராசெத் என்னும் சிற்றூரில் குடியேறினார். அவர் பிரெஞ்சு இராணுவ அதிகாரிகளின் நண்பர். தம் நாட்டின் ஆட்சி அங்கே நிலைக்க வேண்டும் என்று எண்ணியவர். புனிதர் ஆனதால் அந்தக் குறையை நான் மறைக்க வேண்டியதில்லை.

அங்கும் அவர் கொடுக்கிறவராகவே இருந்தார். மருந்து கொடுத்தார், தானியம் கொடுத்தார், ஊசி முதல் துணி வரை கொடுத்தார். 1907இல் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. தம்மிடம் இருந்ததைப் பசித்தவர்களுக்குப் பகிர்ந்துவிட்டார். அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் அன்று அவரால் திருப்பலி நிறைவேற்றவும் முடியவில்லை. பதில் சொல்ல ஒரு விசுவாசியாவது உடனிருந்தால்தான் திருப்பலி நிறைவேற்றலாம் என்பது அன்றைய விதி. அந்த ஊரில் அவரைத் தவிரக் கிறிஸ்தவர் எவரும் இல்லை. சரியான உணவில்லாமல், 1908 சனவரியில் படுத்துவிட்டார். அசைந்தாலே மூச்சு வாங்கியது. முடிவு வந்துவிட்டது என்று நினைத்தார்.

அப்போது அவருடைய துவாரெக் அண்டை வீட்டார் என்ன செய்தார்கள் தெரியுமா? சுற்று வட்டாரத்தில் நான்கு கிலோமீட்டருக்குத் தேடி, அந்தக் கொடிய வறட்சியில் கொஞ்சமாவது பால் சுரக்கிற ஆடுகளைக் கண்டுபிடித்து, கறந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்கே இல்லாத பால். அதைக் குடித்துப் பிழைத்தார். அந்த மாதக் கடைசியில், தனியாகவே திருப்பலி நிறைவேற்றலாம் என்ற அனுமதியும் உரோமையிலிருந்து வந்து சேர்ந்தது.

கடைசி இடத்தைத் தேடி மூன்று கண்டங்களில் அலைந்தவருக்கு அது கிடைத்த இடம் இதுதான் என்று நான் சொல்வேன். நாசரேத் குடிசையை அவர் தாமாகத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்த ஏழ்மையில் ஒரு மூலையிலாவது நம் பெருமை ஒட்டிக்கொண்டிருக்கும். தமன்ராசெத்தின் படுக்கையை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. யாருக்கு நற்செய்தி கொடுக்க வந்தாரோ அவர்கள் கையிலிருந்து உயிரை வாங்கிக்கொண்டார். அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் பலர் இதைப் பெரிய திருப்பமாகக் கருதுகிறார்கள். அதன் பிறகு அந்த மக்களின் மொழியிலும் கவிதையிலும் அவர் மூழ்கிப்போனார். அவர் தொகுத்த துவாரெக் அகராதி அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1951-52இல், நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. கொடுக்க வந்தவர் மாணவராக உட்கார்ந்து கற்றதன் பலன் அது.

1916 டிசம்பர் முதல் நாள் கொள்ளைக் கூட்டத்தினர் அவரைப் பிடித்தார்கள். காவலுக்கு நிறுத்திய இளைஞன் பதற்றத்தில் சுட்டான். அவர் எழுதி வைத்திருந்த சபை ஒழுங்கைப் பின்பற்ற அந்த நாளில் ஒரு சகோதரர்கூட உடன் இல்லை. அவரால் மனந்திரும்பியவர் என்று காட்ட ஏறக்குறைய யாரும் இல்லை. 1933இல் ரெனே வோயோம் என்பவரும் தோழர்களும் தொடங்கிய 'இயேசுவின் சிறிய சகோதரர்கள்' சபை அவருடைய மரணத்துக்கு 17 ஆண்டுகள் பிந்தியது. அவர் எழுதிய கையளிப்புச் செபம் இன்று உலகெங்கும் சொல்லப்படுகிறது. அது செபமாக எழுதப்பட்டதே அல்ல. 1896ஐ ஒட்டி, சிரியாவில் துறவியாக இருந்தபோது, சிலுவையில் இயேசு தம் ஆவியைத் தந்தையிடம் ஒப்படைத்த கடைசி வார்த்தையை வைத்து எழுதிய தியானக் குறிப்பு. எழுதியபோது அது வெறும் தாள். அதை அவர் வாழ்வதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளும், ஒரு பஞ்சமும், அண்டை வீட்டார் கறந்து கொடுத்த பாலும் தேவைப்பட்டன.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் போனால் நான் பாவம் செய்தவன் ஆவேன். தாழ்மை, சரணாகதி என்ற சொற்களை நம் சமூகத்தில் யாரிடம் அதிகம் சொல்கிறோம்? குடித்துவிட்டு அடிக்கிற கணவனைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி மனைவியிடம் சொல்கிறோம். கூலி உயர்வு கேட்கிற தொழிலாளியிடம் சொல்கிறோம். ஆண்டவரும் பாடுபட்டாரே என்று சிலுவையைக் காட்டுகிறோம். அன்பர்களே, யோவான் நற்செய்தியை எடுத்துப் பாருங்கள். தலைமைக் குருவின் வீட்டில் காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது இயேசு வாய்மூடி நிற்கவில்லை. நான் சொன்னது தவறென்றால் எது தவறென்று காட்டு, சரி என்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். கெத்சமனியிலும் அவர் முதலில் கேட்டது, இந்தக் கிண்ணம் தம்மை விட்டு அகல வேண்டும் என்பதுதான். தம் விருப்பம் இன்னதென்று தெளிவாகத் தந்தையிடம் சொன்ன பிறகே தந்தையின் விருப்பத்துக்கு விட்டார். சரணடைதல் தந்தையிடம், அடிக்கிறவனிடம் அல்ல. அடிபடுகிற சகோதரி யாராவது இங்கே இருந்தால், உங்களுக்கு இந்தத் தவக்காலத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது உதவி. கேளுங்கள். கேட்பது குடும்ப மானத்தைக் குலைப்பதாகாது.

உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் பேதுருவிடம் சொன்ன வார்த்தை ஒன்று உண்டு. இளமையில் நீயே இடைக்கச்சை கட்டிக்கொண்டு விரும்பிய இடத்துக்குப் போனாய். முதுமையில் கைகளை நீட்டுவாய், வேறொருவர் உனக்குக் கட்டி, நீ விரும்பாத இடத்துக்குக் கூட்டிப்போவார் என்கிறார். பேதுருவின் சாவைக் குறித்துச் சொன்னது என்று யோவானே விளக்குகிறார். நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் அது பொருந்துகிறது. வாழ்நாளெல்லாம் பத்துப் பேருக்குச் சோறு போட்ட கை, பக்கவாதத்தில் விழுந்துவிட்டால், மருமகள் ஊட்டுகிற கஞ்சிக்கு வாய் திறக்க மறுக்கும். குளிப்பாட்ட வருகிற மகனைத் திட்டும். நம்மில் யார் பார்க்கவில்லை? எந்த நோன்பையும்விடக் கடினமான நோன்பு அது. நாற்பது நாளில் முடியாதது. அந்தக் கட்டிலில் கிடக்கிறவர்களுக்கு நான் பாடம் சொல்லத் தகுதியற்றவன். ஆனால் மருமகள் கரண்டியில் கொண்டுவருகிற அந்தக் கஞ்சியை மறுக்காமல் வாங்கிக்கொள்வதும் கடவுளிடம் கையேந்துவதே என்று அவர்களிடம் யாராவது மென்மையாகச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி நம் தேவசகாயத்திடம் வருவோம். 1712இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை. கால்நடைகள் மடிந்து குடும்பம் நொடித்த வேளையில் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னவர் டி லனாய். 1741 குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுப் படையைச் சேர்ந்தவர். வென்ற அரசின் அதிகாரி, தோற்றுச் சிறைப்பட்ட அந்நியனிடமிருந்து ஆறுதலை வாங்கிக்கொண்டார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். பிறகு சாதி பார்க்காமல் எல்லாரோடும் சமமாகப் பழகியதுதான் உயர்ந்த நிலையில் இருந்தவர்களைக் கொதிக்கவைத்தது. 1749இல் கைது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தினார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் துடித்தபோது காவலர் தண்ணீர் தரவில்லை, பாறையில் ஊற்று பிறந்தது என்று குமரி மக்கள் இன்றும் சொல்கிறார்கள். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். புனிதராக உயர்த்திய வேளையில் திருச்சபை அவருடைய பெயரிலிருந்து 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தை நீக்கியே அறிவித்தது.

அவர் திருமுழுக்கு வாங்கிய அதே வடக்கன்குளத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அங்கே கட்டிய கோவில் கால்சட்டை போல இரு கிளைகளாகப் பிரிந்தது. ஒரு பீடம், இரண்டு கூடங்கள். ஒரு சாதியார் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம், நடுவில் சுவர். 1910இல் அருட்தந்தை கௌசானல் அந்தச் சுவரை இடித்தார். அதற்காக வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. ஒரே அப்பத்தை வாங்கியவர்கள், பக்கத்தில் நின்று வாங்க மாட்டோம் என்று வழக்காடினார்கள்.

யார் கையிலிருந்து யார் தண்ணீர் வாங்குவார், யார் வாங்கமாட்டார்: நம் ஊரில் சாதி என்பதே இந்தக் கணக்குதானே! தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையும் இந்தக் கணக்குதான். மேலே இருப்பதாக நினைக்கிறவர் கீழே இருப்பவருக்குக் கொடுப்பதை எந்தச் சாதியும் தடுக்கவில்லை. பழஞ்சோறு கொடுக்கலாம், பழந்துணி கொடுக்கலாம், கிறிஸ்துமஸுக்குப் பலகாரமும் கொடுக்கலாம். அவர் கையிலிருந்து வாங்கி உண்ணக் கூடாது; அங்கேதான் தடை. இதை உணர்ந்தால், தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு நற்செய்தி நம்மை உலுக்கிவிடும். யூதர் சமாரியரோடு பாத்திரம் பழகாத காலம். நண்பகல் வெயிலில் யாக்கோபின் கிணற்றடியில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்த இயேசு, குடம் சுமந்து வந்த ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். வாழ்வு தரும் தண்ணீரைப் பற்றி அவர் பேசியது அதற்குப் பிறகுதான். அந்தப் பெண்ணுக்கே ஆச்சரியம்: யூதரான நீர் என்னிடமா கேட்கிறீர் என்றாள். கடவுள் கொடுப்பதற்கு முன்னால், தீட்டு என்று ஒதுக்கப்பட்ட கையிடம் வாங்கக் கேட்கிறார்.

கடவுளிடம் தாழ்ந்து நிற்பது ஒரு காரியம், மனிதரிடம் தாழ்ந்து நிற்பது வேறு காரியம் என்று நாம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். பீடத்தின் முன் முழங்காலிடுவோம், தெருவில் நிமிர்ந்து நடப்போம். ஃபூக்கோவுக்கும் தேவசகாயத்துக்கும் கடவுள் அப்படிப் பிரித்துக் கொடுக்கவில்லை. ஒருவருக்கு அவர் கொடுத்தது துவாரெக் வீட்டுப் பாத்திரத்தில் வந்தது. இன்னொருவருக்குச் சிறைக்கைதியின் வாய்வழி வந்தது.

அதனால் இந்தப் பங்குக்கு என் விண்ணப்பங்கள் இரண்டு. பெரிய வியாழனன்று உட்காரப்போகும் பன்னிரண்டு பேரில் ஆலயத்தைக் கூட்டுகிற அம்மாவும், குழி வெட்டுகிறவரும், வடமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்திருக்கிற தம்பிகளில் ஒருவரும் இருக்கட்டும். காலை முன்கூட்டிக் கழுவிக்கொண்டு வர வேண்டாம் என்று பங்குத்தந்தை அவர்களே பூசையில் அறிவிக்கலாம்.

இரண்டாவது, உயிர்ப்பு ஞாயிறைப் பற்றியது. அன்று நாம் பிரியாணி செய்து, நம் வீட்டில் வேலை செய்கிறவர்களுக்குப் பாத்திரத்தில் கொடுத்தனுப்புகிறோம். இந்த ஆண்டு அதோடு நிறுத்த வேண்டாம். நம்மை அன்போடு அழைத்தும் இதுவரை நாம் ஏதோ சாக்குச் சொல்லிப் போகாத வீடுகள் இந்த ஊரில் இருக்கின்றன. எந்த வீடு என்று அவரவருக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக்குப் போய், அவர்கள் தட்டில், அவர்கள் சமைத்ததைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டு வாருங்கள். இரண்டாம் முறை போட வந்தால் போதும் என்று கையால் மறைக்காதீர்கள்.